அடி வாங்குற ஆம்பளைகிட்ட யாரு கேக்குறது?

(கோத்தகிரியில ஒரு கூட்டத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கு.)

எல்லாருக்கும் வணக்கம். வாரத்துல ஒருநாள் லீவு, அந்த ஒருநாள்லயும் ரேஷன், விறகு, துணின்னு ஆயிரம் வேலை இருக்கும், அதை விட்டுட்டு அரவேணு, கட்டபெட்டு, சோலூர்மட்டம்னு எங்கெங்கிருந்தோ பஸ் ஏறி வந்திருக்கீங்க, ரொம்ப நன்றி. முன்வரிசையில அக்காமாருங்க நெறைய பேர் உக்காந்திருக்கீங்க, அதுல எனக்கு தனி சந்தோஷம், ஏன்னா நான் இன்னைக்கு பேசப்போறதை ஆம்பளைங்க மட்டும் உக்காந்து கேட்டா பேச்சு வேற பக்கம் போயிடும்.

நேரா விஷயத்துக்கு வரேன். பொண்டாட்டி கையால அடி வாங்குற ஆம்பளைங்க இருக்காங்க. எங்கயோ இல்ல, இந்த மலையிலயே, நம்ம எஸ்டேட் லைன் வீட்லயே, படுகர் ஊரான நம்ம ஹட்டியிலயே இருக்காங்க.

பின்னாடி ரெண்டு மூணு பேர் சிரிக்கிறீங்க. பரவால்ல தம்பி, உங்க மேல கோவம் இல்ல. நம்ம எல்லாரும் அப்படித்தான் பழகியிருக்கோம், சின்ன வயசுல இருந்து பத்திரிகையில ஜோக்குன்னா பூரிக்கட்டையை தூக்கிட்டு பொண்டாட்டி நிப்பா, தலையில பேண்டேஜ் போட்டுட்டு புருஷன் மேஜைக்கு அடியில ஒளிஞ்சிருப்பான், டிவியில காமெடின்னா அதே, கல்யாண வீட்டுல மைக் புடிச்சவர் பேசினா அதே. அந்த படத்துல இருக்கற ஆளோட தலையில இருக்கற காயத்தை யாராவது நெஜ காயமா பாத்திருக்கோமா? இதே படத்துல பொம்பளை தலையில கட்டு போட்டு புருஷன் கட்டையோட நின்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டோம், சிரிக்கவும் கூடாது. நான் இன்னைக்கு அந்த சிரிப்பைப் பத்திதான் பேசப்போறேன், ஏன்னா அடியை விட அந்த சிரிப்புக்குத்தான் அவங்க அதிகமா பயப்படறாங்க.

நான் யாருன்னு தெரியாதவங்களுக்கு சொல்றேன். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவ. சர்வீஸ்ல பெரும்பகுதி காஷுவால்டியிலயும் டிரெஸ்ஸிங் ரூம்லயும்தான் போச்சு. அதனால நான் பேசறது பெரும்பாலும் காயத்தோட பக்கத்துல இருந்து பேசற பேச்சு. சொல்ற ஆளுங்களோட ஊர், வயசு, வேலை எல்லாம் மாத்திதான் சொல்வேன், யாரும் இது அவரா இவரான்னு யோசிக்க வேண்டாம்.

டிரெஸ்ஸிங் ரூம்ல ஒரு விஷயம் சீக்கிரமா பழகிடும். காயம் ஒண்ணு சொல்லும், வாய் ஒண்ணு சொல்லும். முன்கையில, சுண்டு விரல் பக்கமா இருக்கற எலும்பு மேல நீளமா கன்னிப்போன தடம் இருந்தா, அந்த ஆள் மூஞ்சிய காப்பாத்திக்க கையை குறுக்க தூக்கியிருக்கார்னு அர்த்தம், அது விழுந்து வர்ற காயம் இல்ல. விழறவங்க உள்ளங்கையை ஊனுவாங்க, முட்டியில சிராய்ப்பு இருக்கும். கழுத்துல நாலு கோடா நகக்கீறல், தோள்பட்டையில பல் தடம், முதுகுல மட்டும் வெந்நீர் பட்ட கொப்புளம். தானா கொட்டிக்கிட்டவனுக்கு முதுகுல எப்படிங்க கொட்டும்? பொம்பளைங்க இந்த மாதிரி வந்தா எங்களுக்கு உடனே தெரியும், சிஸ்டர் ஒருத்தங்க அவங்களை தனியா கூட்டிட்டுப் போய் "வீட்ல ஏதாச்சும் பிரச்சனையாமா"ன்னு கேப்பாங்க, அது ரொம்ப வருஷமா போராடி கொண்டு வந்த பழக்கம், அதுல ஒரு துளி கூட குறையக்கூடாது. ஆனா அதே காயத்தோட ஒரு ஆம்பளை வந்தா? "எங்கப்பா விழுந்தே, தண்ணியா?" அவ்வளவுதான் கேள்வி. அவரும் தலையாட்டிடுவார். குடிக்கவே குடிக்காத ஆளு கூட ஆமா தண்ணிதான்னு சொல்லிட்டுப் போவார், ஏன்னா குடிகாரன்னு பேர் வாங்கறது பொண்டாட்டிகிட்ட அடி வாங்கறவன்னு பேர் வாங்கறதை விட அவருக்கு கௌரவமா தெரியுது. இதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்கும்.

அப்புறம் ஏ.ஆர். காப்பின்னு ஒண்ணு இருக்கு, ஆக்சிடெண்ட் ரெஜிஸ்டர். கேஸுக்கு நாளைக்கு அதுதான் முக்கியமான காகிதம். யார் அடிச்சாங்க, எங்க வச்சு, எதால, எத்தனை மணிக்குன்னு நோயாளி சொல்றதைத்தான் டாக்டர் அதுல எழுதுவார். விழுந்துட்டேன்னு சொன்னா தானா விழுந்ததுன்னு எழுதிடுவாங்க, அதோட கதை முடிஞ்சது. அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு கோர்ட்டுல வந்து இல்லைங்க அன்னைக்கு அவ அடிச்சதுதான்னு சொன்னா அந்த காகிதமே உங்களுக்கு எதிரா நிக்கும்.

நம்ம மலைக்குன்னு இதுல சில விஷயம் இருக்கு, அதை கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். கீழ மேட்டுப்பாளையத்துல, கோயமுத்தூர்ல ஒருத்தன் வெயில் காலத்துல கழுத்து வரைக்கும் மூடிட்டு ஃபுல் கை சட்டையோட வேலைக்கு வந்தா நாலு பேராவது என்னாச்சுன்னு கேப்பாங்க. இங்க வருஷம் முழுக்க ஸ்வெட்டர், கழுத்துல மஃப்ளர், தலையில குல்லா. எந்த காயம் வேணும்னாலும் அதுக்குள்ள போயிடும். டிசம்பர், ஜனவரி உறைபனியில கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும். கேரட் கழுவற இடத்துல, தேயிலை ஃபேக்டரியில, டெம்போ ஸ்டாண்டுல பக்கத்துல நின்னு வேலை பாக்குறவனுக்கே தெரியாது. ஆனா எஸ்டேட் லைன் வீட்ல பாருங்க, ஒரே கூரை, நடுவுல ஒரு சுவரு, இந்தப் பக்கம் பேசறது அந்தப் பக்கம் கேக்கும். எல்லாருக்கும் தெரியும். அந்தப் பக்கம் பொம்பளை அழுற சத்தம் கேட்டா, எல்லா நேரமும் இல்லாட்டியும், யாராவது ஒருத்தர் கதவைத் தட்டுவாங்க. ஆம்பளை அடி வாங்கற சத்தம் கேட்டா டிவி சவுண்டை கூட்டிக்குவாங்க, காலையில தண்ணிக் குழாய்கிட்ட அதை சொல்லி சிரிப்பாங்க.

ஹட்டியிலயும் டவுன்லயும் வேற மாதிரி. பொண்ணு எடுத்த வீடும் பக்கத்து ஊர்லயேதான் இருக்கும், மச்சான், மாமனார், சித்தப்பான்னு எல்லாரும் சந்தையில தினம் பாக்குற ஆளுங்க, யார்கிட்ட சொன்னாலும் ராத்திரிக்குள்ள மலை பூரா சுத்திடும். பஞ்சாயத்துன்னு உக்காந்தா பெரியவங்க கேக்குற மொத கேள்வி "நீ என்னடா பண்ணே?" அதுதான். கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அது மொத கேள்வியா இருக்கக்கூடாது. ராத்திரி வீட்டை விட்டு வெளிய வரணும்னா எங்க போவான்? ராத்திரி ஆயிட்டா பஸ் இல்ல, வெளிய படுத்தா குளிர்ல செத்துடுவான், காட்டெருமையும் கரடியும் ஊருக்குள்ள சுத்துது. பிக்கப் வண்டியில ஜன்னலை ஏத்திட்டு, தார்ப்பாயை போத்திட்டு படுத்துத் தூங்கற ஆளை எனக்குத் தெரியும். நெஞ்சு சளி முத்திப்போய் நிமோனியாவோட வந்தார். ஏன் வண்டியில படுத்தீங்கன்னு கேட்டா லோடு காவல்னு சொன்னார். மூணாவது நாள்தான், வார்டுல யாரும் இல்லாத நேரமா பாத்து, சிஸ்டர் என் பொண்டாட்டி கதவை சாத்திக்கிறா சிஸ்டர்னு மெதுவா சொன்னார். ராத்திரி கதவை சாத்தறா, உள்ள விட்டா தூங்க விடமாட்டா, லைட்டைப் போட்டு உக்காந்து விடிய விடிய திட்டுவா, கண்ணு அசந்தா செம்பை எடுத்து எறிவா, சம்பளம் மொத்தமும் வாங்கிக்குவா, ஃபோனை எடுத்து வச்சுக்குவா, இவர் தன்னோட அம்மாகிட்ட பேசினா அன்னைக்கு சோறு இல்ல, எதிர்த்துப் பேசினா மண்ணெண்ணெயை எடுத்து ஊத்திக்கிட்டு உன் பேரை எழுதி வச்சுட்டு சாவேன்னு நிப்பா. பதினோரு வயசுல ஒரு பொண்ணு. அந்தப் பொண்ணுதான் அப்பாவுக்கு ஸ்கூல் பேக்ல மறைச்சு சப்பாத்தி கொண்டு வந்து குடுக்கும்.

இது ஒரு நாள் கோவத்துல கை நீட்டினது இல்ல. இந்த வித்தியாசத்தை எல்லாரும் மனசுல வச்சுக்கணும். மைக்கேல் ஜான்சன்னு அமெரிக்காவுல ஒரு சமூகவியலாளர், 1995-ல இதை பிரிச்சு எழுதினார். ஒண்ணு, ரெண்டு பேரும் சண்டை போடறாங்க, பேச்சு முத்தி யாரோ ஒருத்தர் கை வைக்கிறாங்க, அது தப்பு, ஆனா அதோட தன்மை வேற. இன்னொண்ணு, ஒருத்தர் இன்னொருத்தரை மொத்தமா தன் கைப்பிடிக்குள்ள வச்சுக்கறதுக்காக அடி, பயம், காசு, பிள்ளைங்க, சொந்தக்காரங்கன்னு எல்லாத்தையும் ஆயுதமா பயன்படுத்தறது. இந்த ரெண்டாவது வகையை பெரும்பாலும் செய்யறது ஆம்பளைங்கதான்னும் அவரே சொன்னார். நானும் அதைத்தான் பாத்தேன். ஆனா பெரும்பாலும்னா எல்லாமே இல்லையே. மிச்சம் இருக்கற ஆளுங்க எங்க போவாங்கன்னுதான் என் கேள்வி.

கணக்கையும் நேர்மையா சொல்லிடறேன், ஏன்னா வாட்ஸ்அப்ல இதுல நெறைய பொய் சுத்துது. தேசிய குடும்ப நல சர்வே, 2019-21-ல எடுத்தது, அதுல தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன பொம்பளைங்கள்ல நூத்துக்கு 38 பேர் புருஷன்கிட்ட வன்முறையை அனுபவிச்சிருக்கோம்னு சொன்னாங்க. 38. இந்த ஹால்ல உக்காந்திருக்கற அக்காமாரை எண்ணிப் பாத்துக்கோங்க. இந்த நம்பரை மறைச்சுட்டு ஆம்பளை பாவம்னு பேசற யாரும் என் கூட மேடை ஏற வேண்டாம். அதே சர்வேயில, புருஷன் அடிக்காம இருக்கும்போதே நீங்களா அவரை அடிச்சதுண்டான்னும் பொம்பளைங்ககிட்ட கேக்குறாங்க, நாடு முழுக்க சுமார் 4 சதவீதம் பேர் ஆமான்னு சொன்னாங்க. சின்ன நம்பர்தான். ஆனா நம்ம நாட்டுல இருக்கற கல்யாணங்களோட எண்ணிக்கைக்கு அந்த 4 சதவீதம்னா எத்தனை லட்சம் வீடுன்னு நீங்களே கணக்கு போடுங்க. இன்னொரு விஷயம், அந்த சர்வேயில ஆம்பளைங்ககிட்ட உன்னை பொண்டாட்டி அடிச்சாளான்னு யாரும் கேக்கறதே இல்ல. பொண்டாட்டியை அடிக்கிறது சரியா தப்பான்னு கருத்து கேப்பாங்க, அவன் பட்டதை கேக்க மாட்டாங்க.

கேட்ட ஒரு இடத்துல என்ன வந்துச்சுன்னா, ஹரியானாவுல ரோத்தக் பக்கம் கிராமங்கள்ல ஆயிரம் கல்யாணம் ஆன ஆம்பளைங்ககிட்ட விசாரிச்சு 2019-ல ஒரு மருத்துவ இதழ்ல வெளியிட்டாங்க. மனசு நோகப் பேசறது, அவமானப்படுத்தறது, மிரட்டறது இதெல்லாம் சேத்து 51.6 சதவீதம் பேர் அனுபவிச்சோம்னாங்க, உடம்புல கை வச்ச வன்முறை 6 சதவீதம். இந்த ரெண்டு நம்பரையும் ஒண்ணா போட்டு "ஆம்பளைங்க பாதிப்பேர் அடி வாங்கறாங்க"ன்னு எழுதறவங்க இருக்காங்க, அது தப்பு, திட்டறதும் அடிக்கறதும் ஒண்ணு இல்ல. 6 சதவீதம்னாலே போதும், நம்ம கவலைப்பட. அதே மாதிரி தற்கொலை கணக்கு. 2022-ல இந்தியாவுல 1,70,924 பேர் தற்கொலை பண்ணிக்கிட்டாங்க, அதுல நூத்துக்கு 72 பேருக்கு கிட்ட ஆம்பளைங்க. இதை காட்டி பாருங்க எல்லாம் பொண்டாட்டிங்களாலன்னு சொல்றாங்க. அந்தக் கணக்குல கல்யாணப் பிரச்சனை, மத்த குடும்பப் பிரச்சனை, கடன், சொத்துத் தகராறு, குடின்னு தனித்தனி கட்டமா இருக்கு, பொண்டாட்டி கொடுமைன்னு ஒரு கட்டம் இல்ல. செத்தவங்களை வச்சு நமக்கு தோதா கணக்கு சொல்லக்கூடாது. ஆனா ஒண்ணு மட்டும் உறுதியா சொல்வேன், ஆம்பளைங்க வலியை வெளிய சொல்லாம செத்துப்போறாங்க, அது வேற எந்த வலியா இருந்தாலும் சரி, இந்த வலியா இருந்தாலும் சரி.

இது ஏதோ புதுசா கிளம்பின பேச்சு இல்லைங்க. லண்டன்ல சிஸ்விக்னு ஒரு இடத்துல 1971-ல எரின் பிஸ்ஸின்னு ஒரு அம்மா அடிபட்ட பொம்பளைங்களுக்கு அடைக்கலம் குடுக்கற வீடு ஆரம்பிச்சாங்க, உலகத்துல இந்த மாதிரி ஆரம்பிச்ச முன்னோடிகள்ல அவங்க ஒருத்தங்க. அந்த அம்மாவே பின்னாடி, இங்க வர்றவங்கள்ல சிலர் அடி வாங்கறதோட அடிக்கவும் செய்யறாங்க, வன்முறைக்குள்ள வளர்ந்த பிள்ளை ஆணோ பெண்ணோ அதைத்தான் எடுத்துட்டு வருதுன்னு சொன்னாங்க, சொன்னதுக்கு அவங்களுக்கு எதிர்ப்புன்னா அப்படி ஒரு எதிர்ப்பு. அதே இங்கிலாந்துல 2015-ல அடிக்கறது மட்டும் இல்லாம ஒருத்தரை அடக்கி ஒடுக்கி வச்சிருக்கறதையே குற்றமாக்கி ஒரு சட்டம் வந்துச்சு, அது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. 2018-ல அதுல முதல் தடவையா ஒரு பொண்ணுக்கு தண்டனை ஆச்சு, ஏழரை வருஷம் ஜெயில். கூட வாழ்ந்த பையனை கத்தியால குத்தி, கொதிக்கற தண்ணிய ஊத்தி, டாக்டர்கிட்ட போகவிடாம வச்சிருந்தா. 22 வயசுப் பையன். அவனும் மொதல்ல நானா பண்ணிக்கிட்டதுன்னுதான் சொன்னான். அங்க போன போலீஸ்காரர் தனியா கூப்பிட்டு விடாம கேட்டதாலதான் உண்மை வெளிய வந்துச்சு. கேட்டதாலதான்.

இப்ப நம்ம சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம், கொஞ்சம் பொறுமையா கேளுங்க. குடும்ப வன்முறைச் சட்டம் 2005, அது பொம்பளைங்களை பாதுகாக்க வந்த சட்டம், அதுல மனு போட முடியறது பொம்பளைங்க மட்டும்தான். 2016-ல சுப்ரீம் கோர்ட் அதுல ஒரு விஷயத்தை மாத்துச்சு, யார் மேல மனு போடலாம்ங்கற இடத்துல வயசுவந்த ஆண்னு இருந்ததை எடுத்துட்டாங்க, அதனால குடும்பத்துல இருக்கற பொம்பளைங்க மேலயும் போடலாம். ஆனா புருஷன் அந்த சட்டத்துல போக முடியாது. அதே மாதிரி பழைய தண்டனைச் சட்டத்துல 498ஏ பிரிவு, இப்ப பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பி.என்.எஸ்.ல 85-வது பிரிவு, அதுவும் புருஷனும் புருஷன் வீட்டாரும் செய்யற கொடுமைக்கு மட்டும்தான். அந்த சட்டங்களை நான் குறை சொல்லவே மாட்டேன், தீக்காய வார்டுல வேலை பாத்த யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா இதைக் கேட்டுட்டு நெறைய பேர் சரி ஆம்பளைக்கு சட்டமே இல்லன்னு முடிவு பண்ணிடறீங்க, அது உண்மை இல்ல. அடிச்சா அடிதான், 2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறையில இருக்கற பி.என்.எஸ். சட்டத்துல 115(2) யார் யாரை அடிச்சாலும் பொருந்தும். கத்தி, அரிவாள்மனை, இல்ல வெந்நீர், கொதிக்கற எண்ணெய் மாதிரி சூடான பொருளால காயம் பண்ணினா 118(1), மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. மிரட்டலுக்கு 351. இதுல எங்கயும் ஆண் பெண்னு எழுதல. வெறும் கையால அடிச்ச கேஸுல போலீஸ் நேரா எஃப்.ஐ.ஆர். போட முடியாது, மாஜிஸ்திரேட் அனுமதி வேணும், ஆனா புகாரை வாங்கிட்டு சி.எஸ்.ஆர். ரசீது குடுக்கணும், அதை கேட்டு வாங்கி பத்திரமா வச்சுக்கோங்க. ஸ்டேஷன்ல சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், காகிதம் உங்க கையில இருக்கணும்.

விவாகரத்து சட்டத்துல கொடுமைங்கறது ரெண்டு பேருக்கும் பொதுவான காரணம், இந்து திருமணச் சட்டம் 1955-லயும் சரி, கிறிஸ்தவங்களுக்கு 1869 சட்டத்துல 2001-ல கொண்டு வந்த திருத்தத்துலயும் சரி. 1975-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு ஒண்ணு இருக்கு, தாஸ்தானே கேஸ்னு வக்கீலுங்க சொல்வாங்க. புருஷன் போட்ட கேஸ். புருஷன் ஆபீஸ்ல இருந்து வர்ற நேரத்துக்கு பொண்டாட்டி கதவை பூட்டிக்கிறாங்க, ராத்திரி லைட்டைப் போட்டு கட்டில் பக்கத்துல உக்காந்து நச்சரிக்கறாங்க, கைக்குழந்தை நாக்குல மிளகாப்பொடி தடவறாங்க, செத்துப்போவேன்னு மிரட்டறாங்க. கோர்ட் இதெல்லாம் கொடுமைதான்னு தெளிவா சொல்லுச்சு. நான் அந்த வண்டிக்காரர் கதையை சொன்னேன் பாருங்க, அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே அந்த மாதிரி ஒரு வாழ்க்கை தீர்ப்புல எழுதப்பட்டிருக்கு. ஆனா அந்தக் கேஸுல புருஷன் ஜெயிக்கல, ஏன்னா அதுக்கப்புறமும் சேர்ந்து வாழ்ந்து அவர் அதை மன்னிச்சுட்டாருன்னு கோர்ட் எடுத்துக்கிட்டாங்க. பிள்ளைங்களுக்காக சரி போனா போகுதுன்னு திரும்பப் போறவங்க இதை ஒரு வக்கீல்கிட்ட கேட்டுட்டு முடிவெடுங்க. வக்கீலுக்கு காசு இல்லன்னு உக்காந்துடாதீங்க, இலவச சட்ட உதவி இருக்கு, 1987 சட்டம், அதுல எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி, தொழிலாளி, வருமானம் குறைவா இருக்கறவங்க எல்லாருக்கும் உரிமை உண்டு, ஆம்பளையா இருந்தாலும். ஊட்டி கோர்ட்டுல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, 15100-க்கு ஃபோன் பண்ணினாலும் வழி சொல்வாங்க.

ஜெயிலுக்கு அனுப்பிடுவேன்னு மிரட்டறாங்கன்னு சொல்ற ஆளுங்களுக்கு ஒரு விஷயம். 2014-ல அர்னேஷ் குமார் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட், ஏழு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்கற கேஸுல புகார் வந்த உடனே கைது பண்ணக்கூடாது, ஏன் கைது தேவைன்னு போலீஸ் காரணம் எழுதணும்னு சொல்லியிருக்கு. அந்த பயத்துலயே வாழ்நாளை தள்ளவேண்டியதில்ல.

இப்ப முன்வரிசை அக்கா ஒருத்தங்க என்னை முறைச்சுப் பாக்குறாங்க, எனக்குப் புரியுது. என் புருஷன் கூடத்தான் நாளைக்கு நான் அடிச்சேன்னு கீறலைக் காட்டுவான், அவன் கழுத்தைப் புடிச்சப்ப நான் தள்ளிவிட்ட கீறல் அதுன்னு உங்க மனசுல ஓடுது. அக்கா, நீங்க நினைக்கறது நூத்துக்கு நூறு சரி. அப்படி வந்து நின்னவங்களை நான் பாத்திருக்கேன், பொண்டாட்டி விலா எலும்பு உடைஞ்சு உள்ள படுத்திருப்பா, இவன் கையில கடிச்ச தடத்தை காட்டி நானும் பாதிக்கப்பட்டவன்னு நிப்பான். எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, காயத்தை எண்ணாதீங்க, அந்த வீட்டுக்குள்ள யாருக்கு யாரைக் கண்டா பயம்னு பாருங்க. செருப்புச் சத்தம் கேட்டா யார் பேச்சை நிறுத்தறாங்க? யார் ஃபோனை யார் வாங்கிப் பாக்கறாங்க? காசு கேக்க யார் தயங்கறாங்க? பிள்ளைங்க யார் மூஞ்சிய பாத்துட்டு வாயைத் திறக்குதுங்க? பெரும்பாலும் அந்த பயம் பொம்பளைக்குத்தான் இருக்கும். சில வீட்ல அது ஆம்பளைக்கு இருக்கு. ரெண்டு வீட்டுக்கும் ஒரே கேள்விதான், ஒரே உதவிதான் போகணும்.

ஏன் அந்தப் பொம்பளை இப்படின்னும் கேக்கணும். பிரசவத்துக்கு அப்புறம் வர்ற மனநோயை பேய் புடிச்சுதுன்னு விட்டுட்ட வீடு இருக்கு. சந்தேக நோய், புருஷன் யாரைப் பாத்தாலும் தப்பா தோணறது, அதுக்கு மருந்து இருக்கு, மாத்திரை சாப்பிட்டு நல்லா ஆனவங்க இருக்காங்க. அப்பா அம்மாவை அடிக்கிறதைப் பாத்து வளர்ந்த பொண்ணு, இந்த ஜென்மத்துல நான் அடி வாங்கமாட்டேன், அதுக்கு முன்னாடி நானே கை ஓங்கிடுவேன்னு மனசுல முடிவு பண்ணிட்டு கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க இருக்காங்க. அவங்களையும் நான் பாவம்னுதான் சொல்வேன். ஆனா காரணம் புரிஞ்சுடுச்சுங்கறதுக்காக அடி வலிக்காம போயிடாது. நோய் இருந்தா ட்ரீட்மெண்ட், இல்லன்னா சட்டம், அது வரைக்கும் அந்த ஆள் பத்திரமா இருக்கணும்.

அடி வாங்கிட்டு இருக்கற தம்பிங்க, அண்ணங்க இந்த ஹால்ல இருந்தா, நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கு சொல்றேன். திருப்பி அடிக்காதீங்க. நீதிக்காக மட்டும் சொல்லல, உங்க கை பலம் வேற, ஒரு தள்ளு தள்ளினா அவங்க மண்டை சுவத்துல மோதி ஒரு உயிர் போயிடும், உங்க வாழ்க்கையும் அதோட முடிஞ்சுடும். சண்டை ஆரம்பிச்சா அடுப்பங்கரையில நிக்காதீங்க, வெந்நீரும் கத்தியும் இருக்கற இடம் அது. வாசல் பக்கமா வாங்க. ஸ்வெட்டரும் டார்ச்சும் எடுத்துட்டு வர்ற மாதிரி கைக்கு எட்டற இடத்துல வையுங்க, குளிர்ல ஓடிவந்து படுத்து நெஞ்சு சளி வாங்கிக்காதீங்க. ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளைங்க சர்டிஃபிகேட், பாஸ்புக் இதையெல்லாம் நம்பிக்கையான ஒருத்தர் வீட்ல ஒரு கவர்ல குடுத்து வையுங்க. காயம் பட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க, நாள் கழிச்சு வந்தா காயம் ஆறிடும், சாட்சி போயிடும், வந்தா உண்மையைச் சொல்லுங்க, டாக்டர் எழுதுவார். பிள்ளைங்களை நடுவுல நிறுத்தி உங்க அம்மாவைப் பாருடான்னு சொல்லாதீங்க, அதுங்க அம்மா அது. ராத்திரி ரெண்டு மணிக்கு சாகணும் போல தோணிச்சுன்னா 14416, டெலி மானஸ்னு கவர்மெண்ட் மனநல உதவி எண், 2022-ல இருந்து ஓடுது, தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல, பேர் கூட சொல்லவேண்டாம். உயிருக்கு ஆபத்துன்னா 112. ஒரே ஒரு ஆள்கிட்டயாவது சொல்லி வையுங்க, அண்ணனோ, ஃபாதரோ, பூசாரியோ, கூட வேலை பாக்குற ஆளோ.

அந்த ஒரு ஆள் நீங்களா இருந்தா என்ன பண்ணணும்னா, மொதல்ல சிரிக்காதீங்க. அப்புறம் "ஆம்பளையா நீ"ன்னு கேக்காதீங்க. நாலு பேரை கூட்டிட்டுப் போய் அவ வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போடாதீங்க, அன்னைக்கு ராத்திரி அதுக்கும் சேத்து அவன்தான் வாங்குவான். இன்னைக்கு எங்க படுக்கப்போறே, சாப்ட்டியா, காயத்தைக் காட்டு, ஆஸ்பத்திரிக்கு நான் கூட வரேன், இவ்வளவு கேட்டா போதும். ஊர் பெரியவங்க, எஸ்டேட் யூனியன் ஆளுங்க, உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், பஞ்சாயத்துக்கு உக்காரும்போது ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு கேக்காதீங்க, தனித்தனியா கேளுங்க, பயந்தவங்க எதிர்ல வச்சு யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க, ஆணா இருந்தாலும் பெண்ணா இருந்தாலும். மகளிர் குழு அக்காமாருங்க, உங்களுக்கு எல்லா வீட்டு விஷயமும் தெரியும், அந்தப் பொம்பளைகிட்ட கையைப் புடிச்சு ஏன்டிம்மா இப்படி பண்றேன்னு கேக்கற உரிமை உங்களுக்குத்தான் இருக்கு, எனக்கு இல்ல, போலீஸுக்கும் இல்ல. ஆஸ்பத்திரியில வேலை பாக்குற பிள்ளைங்க, நர்ஸிங் படிக்கற பிள்ளைங்க இன்னைக்கு வந்திருக்கீங்க, உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, கையில கன்னிப்போன தடத்தோட ஒரு ஆம்பளை வந்தா கூட வந்தவங்களை வெளிய உக்கார வச்சுட்டு, கதவை சாத்திட்டு, மஃப்ளரை கழட்டச் சொல்லிட்டு, பொம்பளைகிட்ட கேக்குற அதே கேள்வியை அதே குரல்ல கேளுங்க. பதில் வராட்டி பரவால்ல, அடுத்த தடவை டிரெஸ்ஸிங்குக்கு வரும்போது மறுபடியும் கேளுங்க.

நேரம் ஆகுது, கீழ் கோத்தகிரி பஸ்ஸுக்குப் போறவங்க கிளம்பணும். பின்பக்க ரூம்ல இப்ப பி.பி.யும் சுகரும் பாக்குறோம், நானும் அங்கதான் உக்காந்திருப்பேன், ஒருத்தர் ஒருத்தரா உள்ள விடுவோம், கதவு சாத்தியிருக்கும். என்கிட்ட தனியா ஏதாவது பேசணும்னு நினைக்கற அண்ணன் தம்பிங்க அந்த வரிசையில நில்லுங்க, எதுக்கு நிக்கறீங்கன்னு யாரும் கேக்க மாட்டாங்க.

நன்றி, வணக்கம்.